ஹவில்தார் செத்த பிறகு எடுத்த ஷாட்

நான் வேலை பார்த்த படங்களிலேயே அதிகம் பேர் செத்துப் போன படம் ஆம்பூரில் எடுத்ததுதான். நாங்கள் அதிகமாகச் சிரித்ததும் அந்தப் படத்தில்தான்.

புரொடக்‌ஷன் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகள் என்னைப் பார்க்க வந்தால் பெரிய கதாநாயகர்களோடு எடுத்த படங்களைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். அதில் சொல்ல என்ன இருக்கிறது? கார் அனுப்பினேன், வந்தார். சாப்பாடு அனுப்பினேன், சாப்பிட்டார். எல்லாம் ஒழுங்காக நடந்த படத்திலிருந்து புரொடக்‌ஷன் மேனேஜர் கற்றுக்கொள்ள ஒன்றும் கிடையாது. அதனால் நீங்கள் கேட்காத படத்தைப் பற்றிச் சொல்லப் போகிறேன். பெயர் மட்டும் கேட்காதீர்கள். எங்கேயாவது தேடிப் பிடித்துப் பார்த்துவிட்டு வந்து என்னைக் கிண்டல் செய்வீர்கள்.

எண்பதுகளின் தொடக்கம். கதை இதுதான்: ராணுவத்தில் ரகசியப் படையில் இருந்து ஓய்வு பெற்ற நண்பர்கள் சிலர் ஊரில் நிம்மதியாக இருக்கிறார்கள். பழைய எதிரி ஒருவன் அவர்களைத் தீர்த்துக்கட்டக் கூலிக் கொலைகாரர்களை அனுப்புகிறான். நண்பர்கள் மறுபடி ஒன்று சேர்ந்து ஒரு பாழடைந்த தோல் தொழிற்சாலையில் அவர்களை எதிர்கொள்கிறார்கள். கடைசிச் சண்டையில் கதாநாயகரின் உயிர் நண்பர் அவர் மடியிலேயே சாகிறார். அந்தச் சாவுக்குப் பிறகுதான் கதாநாயகருக்குக் கோபம் வந்து மிச்சமிருக்கிற எல்லோரையும் கொல்வார். அந்த ஒரு சாவு இல்லாவிட்டால் படமே இல்லை.

டைரக்டர் சின்ன வயது, முதல் படம். இது நின்றுபோனால் ஊருக்குப் போய் அப்பாவின் மளிகைக் கடையில் பொட்டலம் மடிக்க வேண்டியதுதான் என்று சாப்பிடும்போதெல்லாம் சொல்லுவார். கேட்கிறவர்களுக்குச் சோறு இறங்காது. தயாரிப்பாளர் குடியாத்தத்துக்காரர், லுங்கி வியாபாரம். எங்களுக்கெல்லாம் அவர் முதலாளி. அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். படத்தில் வரும் ஓய்வு பெற்ற வீரர்கள் அவருடைய லுங்கியைத்தான் கட்ட வேண்டும்.

"கமாண்டோ லுங்கி கட்டுவானா முதலாளி?" என்று டைரக்டர் கெஞ்சினார்.

"ரிட்டயர் ஆனப்புறம் வேற இன்னா கட்டுவான்? கோட்டு சூட்டா?" என்றார் முதலாளி.

நான் முதலாளி பக்கம். சம்பளம் கொடுக்கிறவர் என்பதற்காகச் சொல்லவில்லை. அவர் சொன்னது உண்மை.

ஆம்பூரில் அவருக்கு ஒரு சிநேகிதர், ஹாஜியார். தோல் பதனிடும் அவருடைய டேனரியை பக்ரீத் விடுமுறையில் எங்களுக்குத் திறந்துவிட்டார். விடுமுறை முடிந்தால் வேலையாட்கள் வந்துவிடுவார்கள். ஊறுகிற தோல் சினிமாவுக்காகக் காத்திருக்காது. அதற்குள் சண்டையும் சாவும் முடிந்தாக வேண்டும்.

டேனரியின் வாசனை உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு அது ஒரு பொருட்டே அல்ல. எங்கள் கதாநாயகர் செண்ட் போட்ட கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டே வந்தார். வீர வசனம் பேசும்போது மட்டும் கைக்குட்டை கீழே இறங்கும், பேசி முடித்ததும் மறுபடி மேலே ஏறும். உயிர் நண்பராக நடிக்க மெட்ராசிலிருந்து வந்தவர் அந்த அளவுக்குக்கூடத் தாங்கவில்லை. கேட்டுக்குள் நுழைந்தார், ஒரு மூச்சு இழுத்தார், திரும்பி ஸ்டேஷனுக்கு நடந்துவிட்டார். அவர் பெட்டியை நான்தான் பின்னால் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

சண்டைக்கு ஆள் வேண்டும் என்று டைரக்டர் கேட்டபோது எனக்கு ஒரு யோசனை தோன்றியது. வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் எந்தத் தெருவில் கல் எறிந்தாலும் ஒரு மாஜி ராணுவத்தார் மேல் விழும். ஓய்வு பெற்ற வீரர்களைப் பற்றிய படத்துக்கு ஓய்வு பெற்ற வீரர்களையே கூட்டி வந்தால் என்ன? சொல்லி அனுப்பினேன். விடிந்ததும் டேனரி வாசலில் வரிசையாக நின்றிருந்தார்கள். ஒருவர் கூடத் தாமதம் இல்லை, ஒருவர் தாடையிலும் ஒரு முடி இல்லை. சினிமாக் கம்பெனியில் அப்படி ஒரு காட்சியை நான் முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அவர்களுக்குத் தலைவர் மாதிரி இருந்தவர் ஹவில்தார் தேவசகாயம். ஆறடி உயரம், கம்பீரம், நேராக நின்றால் கதவு நிலை மாதிரி இருப்பார். டைரக்டர் அவரைப் பார்த்ததும் உயிர் நண்பர் வேடத்தை அங்கேயே அவருக்குக் கொடுத்துவிட்டார்.

முதல் ஷாட். தோல்களைத் தொங்கவிட்டுக் காய வைக்கும் கூடம். வீரர்கள் பதுங்கிப் பதுங்கி முன்னேற வேண்டும். டைரக்டர் ஆக்‌ஷன் சொன்னார். கேமரா ஓடியது. ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. கூடத்தில் ஒரு ஈ கூட நகரவில்லை.

"கட்! ஏன் யாரும் வரலை?" என்று டைரக்டர் கத்தினார்.

"வந்துட்டோம் சார்" என்று அவர் காலடியிலிருந்து ஒரு குரல் கேட்டது. ஹவில்தார் டைரக்டரின் நாற்காலிக்குப் பின்னால் கிடந்த தோல் குவியலிலிருந்து எழுந்து நின்றார். மற்றவர்கள் கேமராவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒவ்வொருவராக முளைத்தார்கள். கேமராமேன் மட்டும் வெறும் கூடத்தைப் படம் பிடித்த வருத்தத்தில் தலையில் கை வைத்துக்கொண்டார்.

மறுபடி எடுத்தோம். மறுபடியும் அதேதான். மறுபடியும். பிலிம் வீணாகிக்கொண்டே இருந்தது. அந்தக் காலத்தில் கச்சா பிலிம் நினைத்தபோது கிடைக்கிற பொருள் இல்லை. மெட்ராசிலிருந்து அளந்துதான் கொடுத்தனுப்புவார்கள். டைரக்டருக்கு அழுகையே வந்துவிட்டது.

"நீங்க கண்ணுக்குத் தெரியணும்யா!"

"தெரிஞ்சா செத்துடுவோம் சார்" என்றார் ஹவில்தார், மிகுந்த மரியாதையோடு.

"செத்தாத்தான்யா படம்!"

இரண்டு பேரும் சொன்னது நியாயம்தான். இப்படி இரண்டு நியாயம் மோதிக்கொள்ளும் இடத்தில்தான் நம்மைப் போன்றவர்களுக்கு வேலை. அவர்களுக்கு நடிப்பு சொல்லிக்கொடுக்க எனக்குத் தெரியாது. பதுங்காதே என்று சொன்னால் இத்தனை வருடப் பழக்கம் விடாது. கொஞ்சம் யோசித்துவிட்டு ஹவில்தாரிடம் கேட்டேன்: "ஐயா, டிரெயினிங்ல புதுசா வந்த பசங்களுக்கு இதெல்லாம் எப்படிக் காட்டுவீங்க?"

"செஞ்சு காட்டுவோம். கடைசி வரிசைல குந்திக்கினு இருக்கறவனுக்கும் தெரியற மாதிரி."

"அந்தக் கேமராதான் கடைசி வரிசைல இருக்கற பையன்."

அவர் கேமராவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அது ஒன்றும் தெரியாத புதுப் பையன்தான் என்று முடிவு செய்துகொண்டார் போலிருக்கிறது. "அதை மொதல்லயே சொல்லிருக்கலாமே சார்" என்றார். அடுத்த ஷாட் ஒரே டேக்கில் ஓகே. அப்புறம் மதியத்துக்குள் கொலைகாரர்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். ஒருவரிடம் அவருக்குத் தெரிந்த வேலையின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், அவர் எந்த வேலையையும் செய்து கொடுத்துவிடுவார். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, வீணாய்ப் போன பிலிம்தான் சொல்லித் தந்தது.

ஆனால் போன பிலிம் போனதுதான். கடைசி நாள் காலையில் கேமராமேன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு மிச்சத்தைக் காட்டினார். ஹவில்தாரின் சாவை ஒரு தடவை எடுக்கலாம். தவறினால் இன்னொரு தடவைக்குத் தேறாது. முடிந்தபின் வால் மாதிரி கொஞ்சம் மிஞ்சலாம்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. முந்தின நாள் வீரர்களில் ஒருவருக்குக் கையில் கம்பி கிழித்துவிட்டது. கட்டுப் போட்டுக்கொண்டு வரச் சொல்லி வேலூர் ஆஸ்பத்திரிக்கு வேனில் அனுப்பினேன். அங்கே கட்டுப் போட்ட நர்ஸ் ஹவில்தாரின் மனைவி எஸ்தர். அடிபட்ட மனுஷன் சும்மா கட்டைப் போட்டுக்கொண்டு வந்திருக்கலாம். "அக்கா, நாளைக்கு அண்ணன் சாவறாரு. ரொம்ப நல்லா இருக்கும், வந்து பாருங்க" என்று அழைப்பும் வைத்துவிட்டு வந்திருக்கிறார்.

கடைசி நாள் மதியம் ஹாஜியார் வீட்டு பிரியாணி வந்து நாங்கள் கை வைத்த நேரம். கேட்டைத் திறந்துகொண்டு எஸ்தர் வந்தார். டூட்டி முடித்த கையோடு பஸ் ஏறியிருக்கிறார், வெள்ளைப் புடவைகூட மாற்றவில்லை.

"இங்க யாரு சார் மேனேஜரு?"

பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தனை கைகளும் என்னைக் காட்டின. எந்த யூனிட்டிலும் இப்படித்தான். பாராட்ட வந்தால் டைரக்டரைக் காட்டுவார்கள், சண்டைக்கு வந்தால் நம்மைக் காட்டுவார்கள்.

"எங்க வீட்டுக்காரர சாவடிக்கப் போறீங்களாமே?"

டைரக்டர் ஓடி வந்தார். "அம்மா, அது நடிப்புதான்மா. சும்மா."

"சும்மான்னா வேற யாரையாச்சும் சாவடிங்க. ஒங்களுக்கு இவருதான் கெடச்சாரா?"

"இவரைத்தாம்மா மூணு நாளா எடுத்திருக்கோம். ஆளை மாத்த முடியாது."

"ஆள மாத்த வேணாம். சாவ மாத்துங்க. காலுல அடிபட்டு ஆஸ்பத்திரில படுத்துக்கினு இருக்கட்டும். நான் பாத்துக்கறேன்."

டைரக்டர் என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் மளிகைக் கடை தெரிந்தது. முதலாளிக்குத் தெரிந்த சமாதானம் ஒன்றுதான். வேனிலிருந்து ஒரு கட்டு லுங்கி எடுத்து வரச் சொல்லி எஸ்தரிடம் நீட்டினார். "வெச்சுக்கோம்மா. நம்ம சரக்கு. சாயம் போவாது."

"லுங்கி எதுக்கு? இவர போத்தறதுக்கா?"

முதலாளி கட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு வேன் பக்கம் போய்விட்டார்.

சரி, ஹவில்தாரையே கேட்போம் என்று திரும்பினால் ஆளைக் காணோம். பிரியாணியோடு அவர் இலை மட்டும் இருந்தது. எதிரி எல்லையில் நின்ற மனிதர், மனைவி கேட்டில் நுழைந்ததுமே மறைந்துவிட்டார். எல்லோரும் தேடினோம். அவரோடு பட்டாளத்தில் இருந்தவர்களே தேடினார்கள். தோல் உருட்டும் பெரிய டிரம் பக்கம் பார்த்தோம், தோல் ஊறும் சுண்ணாம்புக் குழிப் பக்கம் பார்த்தோம். எஸ்தர் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. தோல் காயும் கூடத்தை ஒரு தடவை பார்த்தார்.

"அதோ, அந்தத் தூணாண்ட தொங்குதே, அது பின்னால நிக்கறாரு பாருங்க."

ஹவில்தார் தோலை விலக்கிக்கொண்டு தலையைக் குனிந்தபடி வந்தார்.

"எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?" என்றேன் நான், உண்மையான ஆச்சரியத்தோடு.

"எல்லாத் தோலும் காத்துல ஆடுது. அது மட்டும் ஆடல. இவரு புடிச்சுக்கினு நிக்கறாரு."

வீரர்கள் மத்தியில் ஒரு முனகல் கேட்டது. தங்களுக்கு மேல் அதிகாரி வந்துவிட்டார் என்று புரிந்துகொண்டார்கள்.

"நீங்க இன்னா சார் சொல்றீங்க?" என்று ஹவில்தாரிடம் கேட்டேன்.

"எஸ்தர் சொன்னா சொன்னதுதான் சார். அதுக்கு மேல ஆர்டர் கெடயாது."

வெளியே வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. கூடத்துக்கு வெளிச்சம் மேலே உள்ள ஜன்னல்கள் வழியாகத்தான் வரவேண்டும். அது போய்விட்டால் எல்லாம் போயிற்று. கேமராமேன் வானத்தைக் காட்டுகிறார், டைரக்டர் கையைப் பிசைகிறார். அந்த நேரத்தில் உங்களுக்கு அவசரம் என்று எதிராளிக்குத் தெரியக் கூடாது. நான் இரண்டு டீ சொல்லி, எஸ்தரைப் பெஞ்சில் உட்காரச் சொன்னேன்.

"சிஸ்டர், நீங்க ஆஸ்பத்திரில எவ்வளவோ பாத்திருப்பீங்க. இது பொய்ச் சாவு. இதுக்கு ஏன் பேஜார் ஆவறீங்க?"

அவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். "போர் நடந்தப்போ தந்தி வந்துச்சு சார், இவரக் காணலன்னு. காணலன்னா போய்ட்டான்னுதான் அர்த்தம்னு இவங்க சொந்தக்காரங்க முடிவு பண்ணிட்டாங்க. சர்ச்ல ஜெபம் வெச்சாங்க. வெள்ளப் பொடவ எடுத்தாந்தாங்க. நான் நர்ஸு, ஏற்கெனவே வெள்ளதானே கட்டறேன், இன்னொண்ணு எதுக்குன்னு கேட்டேன். எல்லாம் அழுது முடிச்சு மறுபடி டூட்டிக்குப் போவ ஆரம்பிச்சேன். ஒரு நாள் பஸ் ஸ்டாண்டுல நிக்கறேன், இவரு கைல கட்டோட எறங்கறாரு. சிரிச்சுக்கினே வர்றாரு சார்! அத்தினி பேரு முன்னால கன்னத்துல ஒண்ணு வுட்டேன்."

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். அப்புறம் டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஒரு தரம் இவருக்காக அழுதாச்சு சார். மறுபடியும் டிக்கெட் எடுத்துக்கினு போயி அழணுமா?"

நானும் என் டம்ளரைக் கீழே வைத்தேன். அதுவரை எனக்கு அது ஒரு தடங்கல். அதற்குப் பிறகு அப்படி இல்லை. இந்தப் பெண் அழாமல் இந்தப் படம் முடிய வேண்டும் என்று எனக்கே ஆசை வந்துவிட்டது.

நம் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு, உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஒருவர் சாகிற மாதிரி எடுத்தால், எடுத்து முடித்ததும் அவர் எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி ஒரு சின்ன ஷாட் எடுத்துவிடுவோம். கேமரா கடைசியாகப் பார்த்தது அவருடைய பிணமாக இருக்கக் கூடாது என்று ஒரு எண்ணம். அதை எஸ்தருக்குச் சொன்னேன்.

அவர் கவனமாகக் கேட்டார். "அந்தச் சிரிப்பு படத்துல வருமா?"

வரும் என்று சொல்லிவிடலாமே என்று நாக்கு நுனி வரை வந்தது. படப்பிடிப்புக்கு வீடு கொடுத்தவரிடம், கரண்ட்டுக்காரரிடம், கதாநாயகரிடம் என்று ஒரு நாளைக்கு எத்தனையோ பொய் சொல்கிறவன் நான். ஆனால் இந்தம்மா டிக்கெட் எடுத்து வந்து பார்ப்பார். தியேட்டரில் வெளுத்துப் போகிற பொய்யைச் சொல்லவே கூடாது.

"வராது சிஸ்டர். அது வெட்டிப் போட்டுடுவாங்க. நம்ம மனசுக்கு எடுக்கறது."

"ஒங்க மனசுக்கு எடுத்துப்பீங்க. என் மனசுக்கு? நான் பாக்கறது இவரு செத்துக் கெடக்கறதத்தானே?"

அவர் கேட்டதில் ஒரு குறையும் இல்லை. ஜன்னல் வெளிச்சம் தூணில் ஏறிக்கொண்டிருந்தது. படத்தில் எது வரும், எது வராது என்று சொல்ல எனக்கு எந்த உரிமையும் கிடையாது. அது டைரக்டர் வேலை, அவருக்கு மேல் முதலாளி வேலை. ஆனாலும் சொன்னேன்.

"வரும். நான் வர வெக்கறேன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். நோயாளி மருந்து சாப்பிட்டேன் என்று சொல்லும்போது நர்ஸ் பார்ப்பாரே, அந்தப் பார்வை. பிறகு எழுந்தார். "சரி. ஆனா நான் இங்கயே நின்னு பாப்பேன்."

கேமராவுக்குப் பக்கத்தில் அவரை நிற்க வைத்தோம். ஹவில்தார் கட்டம் போட்ட லுங்கியோடு கதாநாயகர் மடியில் சாய்ந்தார். அதுவரை ஒத்திகையில் அவர் சாவு கவாத்து மாதிரிதான் இருந்தது, ஒன்று இரண்டு மூன்று என்று செத்தார். இப்போது கண் எதிரே எஸ்தர் நிற்கிறார். வசனத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஹவில்தாரின் பார்வை எஸ்தர் மேல் போய் நின்றது. தலை சாயும்வரை அந்தப் பார்வை அங்கேயே இருந்தது. கதாநாயகர் நிஜமாகவே அழுதுவிட்டார். கைக்குட்டை எங்கே விழுந்தது என்றே அவருக்குத் தெரியவில்லை. டைரக்டர் கட் சொல்ல மறந்து போனார், நான்தான் அவர் தோளைத் தட்டினேன். எஸ்தர் அசையாமல் நின்றார். முந்தானையைச் சுருட்டிப் பிடித்திருந்த கை மட்டும் வெளுத்திருந்தது.

"சிரிப்பு ஷாட்!" என்று நான் கத்தினேன். "சீக்கிரம்! வால்தான் இருக்கு!"

ஹவில்தார் எழுந்து உட்கார்ந்தார். கேமரா ஓடியது. அவர் சிரிக்கவில்லை.

பட்டாளத்துக்காரர் முகம் அது. கேமராவைப் பார்த்தால் போட்டோ எடுக்கிறார்கள் என்று அர்த்தம். போட்டோ என்றால் தாடையை இறுக்கி நேரே பார்க்க வேண்டும். "சிரிங்க சார்!" என்றார் டைரக்டர். தாடை இன்னும் இறுகியது. "பல்லைக் காட்டுங்க!" என்றேன். மீசைதான் துடித்தது. பிலிம் ஓடிக்கொண்டே இருந்தது. இது முடிந்தால் நான் கொடுத்த வாக்கும் முடிந்தது.

அப்போது கேமராவுக்குப் பக்கத்திலிருந்து எஸ்தர் குரல் வந்தது.

"ஏங்க! அந்த லுங்கிக் கட்ட நான் வேணாம்னு சொல்லல. போறப்போ வாங்கிக்கினு போலாம். ஒங்களுக்குத்தான் வீட்டுல கட்டறதுக்கு உருப்படியா ஒண்ணு இல்லையே!"

யூனிட்டே வெடித்துச் சிரித்தது. ஹவில்தார் முதலில் திகைத்தார், அப்புறம் தலையைப் பின்னால் சாய்த்து, லுங்கியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. அவர் சிரித்துக்கொண்டிருக்கும்போதே கேமராவுக்குள் பிலிம் தீர்ந்து படபடவென்று அடித்தது.

எஸ்தர் லுங்கிக் கட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு, மிச்சம் இருந்த பிரியாணியையும் சாப்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினார்.

இனி நான் கொடுத்த வாக்கு. டைரக்டர் நல்ல மனிதர், ஆனால் பயந்தவர். "செத்தவன் எழுந்து சிரிச்சா கதை என்னய்யா ஆகும்? முதலாளி கொன்னுடுவார்" என்றார். முதலாளியிடம் நேராகப் போய், ஒரு நர்ஸுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் என்னை வாசல் வரை கொண்டுபோய் விட்டிருப்பார். நான் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. மெட்ராசில் எடுத்ததைப் போட்டுப் பார்க்கும்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். திரையில் ஹவில்தார் லுங்கியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"கட்டம் எவ்வளவு துல்லியமா விழுந்திருக்கு பாத்தீங்களா முதலாளி?" என்றேன். "படம் முழுக்க எல்லாரும் ஓடிக்கிட்டே இருக்காங்க, லுங்கி நிதானமாத் தெரியறது இங்க ஒண்ணுலதான்."

முதலாளி முன்னால் சாய்ந்தார். "இன்னொரு தரம் போடு."

போட்டார்கள்.

"இத எதுக்குய்யா வெட்டறீங்க? படம் முடிஞ்சதும் கடைசியா இத வையி. ஜனங்க வெளில போறப்போ கண்ணுல இதான் நிக்கணும்."

அவருக்கு லுங்கி நின்றது, எஸ்தருக்குப் புருஷன் நின்றார், எனக்கு வாக்கு நின்றது. ஒரு மனிதரிடம் நீங்கள் கேட்க நினைப்பது அவர் ஆசைப்படுகிற பொருளுக்குள்ளேயே எங்கேயாவது மடிந்து கிடக்கும். பிரித்துக் காட்டுங்கள், போதும். வாதாடிக்கொண்டு நிற்காதீர்கள்.

படம் குடியாத்தத்தில் வெளியான அன்று நானும் டைரக்டரும் போனோம். எஸ்தர் தன் வார்டு நர்ஸ்களில் பாதிப் பேரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். பக்கத்தில் ஹவில்தார், புது லுங்கியில், விறைப்பாக. நான் சுவரோரம் நின்றுகொண்டேன். திரையைப் பார்க்கவில்லை, அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாவு வந்தது. தியேட்டரே விசும்பியது, நர்ஸ்கள் எல்லாம் மூக்கை உறிஞ்சினார்கள். எஸ்தர் ஒரு முறுக்கைக் கடித்தார்.

படம் முடிந்தது. திரையில் 'வணக்கம்' என்று போட்டதும் கதவைத் திறந்துவிட்டார்கள், ஜனம் எழுந்து நகர்ந்தது. அப்போது திரையில் ஹவில்தார் எழுந்து உட்கார்ந்து தலையைச் சாய்த்துச் சிரித்தார்.

"டேய், ஹவில்தாரு சாவலடா!" என்று தரை டிக்கெட்டில் ஒருவன் கத்தினான்.

வெளியே போனவர்கள் உள்ளே ஓடி வந்தார்கள். விசில் கூரையைத் தொட்டது. மறுபடி போடு, மறுபடி போடு என்று ஒரே கூச்சல். ஆபரேட்டர் அந்தத் துண்டை மட்டும் சுற்றி மறுபடி போட வேண்டியதாயிற்று. அந்தப் படம் மற்ற ஊர்களில் வந்த சுவடு தெரியாமல் போய்விட்டது. குடியாத்தத்திலும் ஆம்பூரிலும் மட்டும், பார்த்தவர்களே அந்தச் சிரிப்புக்காகத் திரும்பத் திரும்ப வந்தார்கள். டைரக்டர் மளிகைக் கடைக்குப் போகவில்லை. அடுத்த படம் கிடைத்தது, அதற்கும் அடுத்தது கிடைத்தது.

அன்று வாசலில் எஸ்தர் என்னைப் பிடித்துக்கொண்டார். சந்தோஷமாக ஏதோ சொல்லப் போகிறார் என்று நான் நின்றேன்.

"இன்னா சார், சிரிக்கறப்போ வெத்தலக் கறையெல்லாம் இம்மாம் பெருசாத் தெரியுது. மொதல்லயே சொல்லிருந்தா பல்லு வெளக்கச் சொல்லியிருப்பேன்ல?"

ஹவில்தார் வாயை மூடிக்கொண்டார். நான் கேட்டேன்: "அதை விடுங்க சிஸ்டர். எல்லாரும் அழுதாங்க, நீங்க மட்டும் முறுக்குத் தின்னுக்கிட்டு இருந்தீங்களே?"

எஸ்தர் புருஷனின் தோளில் ஒட்டியிருந்த ஒரு நூலைப் பிய்த்து எறிந்தார்.

"நான் எதுக்கு சார் அழணும்? இந்தத் தரம்தான் எனக்கு முன்னாடியே தெரியுமே, எந்திரிச்சு வந்துடுவாருன்னு."